இத்தாலியத் துறைமுகக் கிராமத்தில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? சேட்டாராவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சேட்டாரா என்று எழுதியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் உச்சரிக்கிறபடியே எழுதினால் தமிழில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று விசாரிப்பது மாதிரி ஆகிவிடும், அதனால் இப்படியே இருக்கட்டும். இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில், சலேர்னோவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், சுமார் 2000 பேர் வாழும் மீன்பிடி ஊர். கூட்டமெல்லாம் பொசிதானோவுக்கும் அமால்ஃபிக்கும் போய்விடும், இங்கே இன்றைக்கும் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன, அந்தப் படகுகளைப் பார்த்தபடி மேசை போட்டிருக்கும் உணவகங்களும் இருக்கின்றன.

நான்கு தடவை போயிருக்கிறேன், மூன்று தடவை புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு. அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான், அதிலும் பாதிக்கு மேல் மேசையில் உட்காருவதற்கு முன்பே நடந்தவை. அதனால் இதை வரிசைப்படி படியுங்கள், வரிசை மாறினால் பணமோ நேரமோ போகும். உணவகப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. இந்த முறை இத்தாலியின் வேறு துறைமுக ஊர்களிலும் பெரும்பாலும் செல்லும்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

பலரும் ஹோட்டல் எப்போது கிடைக்கிறதோ அப்போது போகிறார்கள். மீனுக்காகப் போகிறவர் மீனின் நாளைத்தான் பார்க்க வேண்டும்.

சேட்டாராவின் மீன் என்றால் அலீச்சி, நம் நெத்திலியின் உறவு. மார்ச் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை அதற்கு நல்ல காலம். இரவில் விளக்கு வெளிச்சம் காட்டி, சுற்றி வளைக்கும் வலையில் பிடிப்பார்கள். வானத்தில் முழு நிலா இருந்தால் படகின் விளக்குக்கு மீன் மயங்காது. ஆகவே பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் பிடிப்பு குறையும். டிக்கெட் போடுவதற்கு முன் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், வேறெந்தப் பயண நூலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. கடல் இரண்டு மூன்று நாளாகக் கொந்தளித்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது கிழமை. ஞாயிறு மதியம் சலேர்னோவிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி சகிதம் குடும்பங்கள் வந்து இறங்கும், இரண்டு பேருக்கு மேசை கேட்கும் வெளிநாட்டுக்காரர் அங்கே கடைசி வரிசைதான். உணவகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, குளிர்காலத்தில் சில வாரக்கணக்கில் மூடிவிடும். ஜூன் 29 புனித பேதுரு திருவிழா. அன்றைக்கு ஊர்வலமும் வாணவேடிக்கையும் பார்க்கப் போகலாம், நிதானமாகச் சாப்பிடப் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், மே மாதம், வார நாள், மதியச் சாப்பாடு. முதல் தடவை போகிறவருக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்பேன். காரணம் அடுத்த பகுதியில்.

2. திரும்பி வருவதைப் போவதற்கு முன் பாருங்கள்

நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்கு ரயில். சலேர்னோ ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் பியாத்சா தெல்லா கொன்கோர்தியா என்ற கடலோரச் சதுக்கம், அங்கிருந்து படகு. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அமால்ஃபி போகும் சீத்தா பஸ்ஸும் சேட்டாராவில் நிற்கும்.

படகு ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான், அதுவும் இரவில் கிடையாது, கடல் சரியில்லை என்றால் பகலிலும் கிடையாது. இரவுச் சாப்பாடு இத்தாலியில் ஏழரைக்கு முன் தொடங்காது, எட்டரைக்குத்தான் ஊரே உட்காரும். நீங்கள் இரண்டாவது தட்டுக்குக் காத்திருக்கும்போது கடைசிப் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பீர்கள். மதியம் என்றால் இந்த வம்பு இல்லை, படகில் போய்ப் படகிலேயே வரலாம்.

பஸ் டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'டி' எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடையில் கிடைக்கும், சில காபிக் கடைகளிலும். திரும்பி வருவதற்கும் சேர்த்து அப்போதே வாங்குங்கள், ஏனென்றால் மதியத் தூக்க நேரத்தில் அந்தக் கடையும் மூடியிருக்கும்.

கார் வேண்டாம். பாதை குறுகல், வண்டி நிறுத்த இடம் இல்லை, அப்புறம் வெள்ளை ஒயின் குடிக்காமல் இங்கே மீன் சாப்பிடுவது கஷ்டம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் இத்தாலியில் வண்டி ஓட்டக்கூடாது.

3. மேசைக்குச் சொல்லி வையுங்கள்

மதிய நேரம் 12:30லிருந்து 2:30 வரை. இது கதவு திறந்திருக்கும் நேரம் அல்ல, அடுப்பு எரியும் நேரம். இரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தால் முகம் சுளிக்காமல் உட்கார வைப்பார்கள், ஆனால் நல்ல மீன் தீர்ந்திருக்கும். மூன்று மணிக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது: படிக்கட்டும் சந்தும் ஏறி இறங்கி ஊரை ரசித்து முடித்து மூன்று மணிக்குப் பசியோடு வந்து நின்றேன். குவொப்போ என்ற காகிதக் கூம்பில் பொரித்த சின்ன மீனும் கணவாயும் போட்டுத் தரும் கடை ஒன்று காப்பாற்றியது. அதுவும் ருசிதான், ஆனால் அதற்காக நான் வரவில்லை.

முந்தைய நாளே போன் செய்யுங்கள். ஆங்கிலத்தில் பேசினாலும் வேலை நடக்கும், இரண்டு வரி இத்தாலியனில் தொடங்கினால் குரல் மாறுவதைக் கேட்கலாம். "புவோன் ஜோர்னோ, வொர்ரேய் ப்ரெநொத்தாரே உன் தாவொலோ பேர் துவே, அல்லூனா, ஃபுவோரி." அதாவது, வணக்கம், இரண்டு பேருக்கு ஒரு மணிக்கு ஒரு மேசை, வெளியில். கடைசிச் சொல்லை மறந்துவிடாதீர்கள். ஃபுவோரி என்று சொல்லாவிட்டால் துறைமுகத்தைப் பார்த்த உணவகத்தில் துறைமுகத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டி வரும்.

சைவம், ஒவ்வாமை, கைக்குழந்தை, எதுவாக இருந்தாலும் போனிலேயே சொல்லிவிடுங்கள். போக முடியாமல் போனால் ரத்து செய்துவிடுங்கள், சின்ன ஊர், மொத்தமே சில மேசைகள்தான் இருக்கும்.

4. அரை மணி முன்னதாகப் போய் வெளியில் மாட்டியிருக்கும் மெனுவைப் படியுங்கள்

மெனுவை வாசலில் வைத்திருப்பார்கள். உட்கார்ந்த பிறகு படிப்பது என்பது கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்ப்பது மாதிரி. நான் சாப்பாட்டுப் பெயர்களைவிட ஓரத்தில் உள்ள பொடி எழுத்துகளைத்தான் முதலில் படிக்கிறேன்.

கொப்பெர்த்தோ என்று ஒன்று இருக்கும். மேசை விரிப்பு, ரொட்டி, தட்டு முட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தொகை, பெரும்பாலும் 2 அல்லது 3 யூரோ. ஏமாற்று அல்ல, நாட்டு வழக்கம். ரொட்டியைத் தொடாவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு தடவை என்னோடு வந்தவர் "நான் ரொட்டியே கேட்கலையே" என்று வாதாடினார், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நான் கடலைப் பார்த்தேன். ஆனால் அது மெனுவில் எழுதியிருக்க வேண்டும். சேர்வீத்சியோ என்பது வேறு, அது சேவைக் கட்டணம், 10 அல்லது 15 சதவீதம் என்று போட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு ஏறும், சேர்வீத்சியோ போட்டிருந்தால் டிப்ஸ் தர வேண்டியதில்லை என்பதையும் அப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நட்சத்திரக் குறி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும், கீழே கொஞ்சேலாத்தோ அல்லது அபத்துத்தோ என்று விளக்கம் இருக்கும். முதலாவது உறையவைத்து வந்த சரக்கு. இரண்டாவது, வேகமாகக் குளிரவைத்துப் பதப்படுத்தியது. எல்லா நட்சத்திரமும் கெட்ட நட்சத்திரம் இல்லை. சமைக்காமல் பரிமாறும் மீனுக்கும், எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறவைத்த நெத்திலிக்கும் அந்தக் குறி இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அனிசாகிஸ் என்ற புழு அந்த மீன்களில் இருக்கலாம், எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது, மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் வைத்த பிறகே தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மாறாக, ஊரெல்லாம் கணவாய் பிடிக்கும் காலத்தில் கணவாய்ப் பொரியலுக்கு நட்சத்திரம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

அப்புறம் விலைக்குப் பக்கத்தில் அல்லெத்தோ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பற்றி 7ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மெனு சின்னதாக இருந்தால் நல்லது. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள். சாப்பாட்டின் படம் போட்டிருந்தாலே மோசம் என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல வீட்டுச் சமையல் தருகிற இடத்திலும் யாரோ மருமகன் படம் பிடித்து ஒட்டியிருப்பார்.

5. உட்கார்ந்ததும்

காலியாக இருக்கிறதே என்று நீங்களாக உட்காராதீர்கள். வாசலில் நின்று பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் கூட்டிப்போவார்கள். ஈரக் கால்சட்டையோடு, சட்டையில்லாமல், கடலிலிருந்து நேராக வருவதும் இங்கே மரியாதையில்லை.

முதல் கேள்வி தண்ணீர். நத்துராலே என்றால் சாதாரணம், ஃப்ரித்சாந்தே என்றால் வாயு கலந்தது. பாட்டில்தான், விலை உண்டு. அடுத்தது ஒயின். பாட்டில் வாங்கத் தேவையில்லை, வீனோ தெல்லா காசா என்றால் வீட்டு ஒயின், கால் லிட்டர் அரை லிட்டர் என்று கூஜாவில் வரும், இரண்டு பேருக்கு அரை லிட்டர் தாராளம். பாட்டில்தான் வேண்டும் என்றால் ஃபலாங்கீனா என்று கேளுங்கள், இந்தக் கம்பானியா மாநிலத்துத் திராட்சை, மீனுக்கு ஒத்துப்போகும்.

ரொட்டி வரும். அதை இப்போதே தின்று தீர்க்காதீர்கள். தட்டில் மிஞ்சும் எண்ணெயையும் சாற்றையும் துடைத்துச் சாப்பிட அது வேண்டியிருக்கும்.

6. எத்தனை தட்டு கேட்பது

மெனு நான்கு பிரிவாக இருக்கும்: அந்திபாஸ்தி என்ற தொடக்கம், ப்ரீமி என்ற பாஸ்தா வகை, செகொந்தி என்ற மீன் அல்லது இறைச்சி, கொந்தோர்னி என்ற காய்கறி. கடைசியில் இனிப்பு. நான்கையும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் பாதி, நான்கையும் கேட்டுவிட்டு மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் மீதி.

இத்தாலியர்களே மதியத்தில் நான்கையும் சாப்பிடுவது அபூர்வம். இரண்டு பேர் என்றால் ஒரு தொடக்கத் தட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆளுக்கொரு பாஸ்தா, பிறகு இரண்டு பேருக்குமாக ஒரு முழு மீன், ஒரு காய்கறித் தட்டு. ஆனால் பாஸ்தாவைப் பகிர்வதற்காக ஒன்று மட்டும் கேட்காதீர்கள். திட்ட மாட்டார்கள், ஆனால் பாஸ்தா என்பது இங்கே ஆளுக்கொரு தட்டு. குழந்தைக்கு மெத்ஸா போர்த்சியோனே, அதாவது அரைத் தட்டு, கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லி நடுவில் வைத்துச் சாப்பிடுவது நம் பழக்கம். இங்கே அது வேலைக்காகாது. ஒரு தட்டு முடிந்த பிறகுதான் அடுத்ததைச் சமையலறையில் தொடங்குவார்கள், பாஸ்தாவோடு மீனும் வந்து நின்றால் ஒன்று ஆறிப்போகும். இடையில் 15 நிமிடம் காலியாக உட்கார்ந்திருப்பது தாமதம் இல்லை. படகுகளைப் பாருங்கள், வலை தைக்கிறவர் யாராவது இருந்தால் அவரைப் பாருங்கள்.

தொடக்கத்துக்கு இங்கே நெத்திலியைத் தவிர வேறெதற்குக் கை போவது? இரண்டு நெத்திலிக்கு நடுவில் புகையூட்டிய ப்ரோவொலா சீஸ் வைத்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பார்கள். கையால் வாலைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு வாலைத் தட்டில் வைத்துவிடலாம். மீனுக்குச் சீஸ் சேராது என்று உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கும் இத்தாலியர்கள் இதை மட்டும் எப்படி அனுமதித்தார்கள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள். இன்னொன்று, எண்ணெயில் போட்ட சூரை மீன். சேட்டாராவின் சூரைப் படகுகள் மத்தியதரைக் கடல் முழுக்கப் பேர் பெற்றவை. மீனின் வயிற்றுப் பகுதி, வெந்த்ரேஸ்கா, கிடைத்தால் விடாதீர்கள்.

7. எடை போட்ட பிறகு தலையாட்டுங்கள்

இப்போது அந்த அல்லெத்தோ.

கூட வந்த நண்பரும் அவர் மனைவியும் மெனுவில் மீன் என்ற இடத்தில் 8 யூரோ என்று பார்த்தார்கள். "பாஸ்தாவே 16, முழு மீன் எட்டுதானா, ரெண்டு சொல்லுவோமா அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். நல்லவேளை, ஒன்றே போதும் என்று சொல்லியிருந்தேன், ஆனால் அந்த விலையை நானும் அப்போது கவனிக்கவில்லை. மீன் வந்தது, அருமையாக இருந்தது. பில்லில் அந்த ஒரு மீனுக்கு மட்டும் 68 யூரோ.

எத்தோ என்றால் 100 கிராம். 8 யூரோ என்பது 100 கிராமுக்கு, அதாவது கிலோ 80. மீன் 850 கிராம், எட்டரை எட்டு அறுபத்தெட்டு. யாரும் ஏமாற்றவில்லை, மெனுவில் பொடி எழுத்தில் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. இன்னும் ஒன்று, எடை போடுவது குடல், தலை, செதில் எல்லாம் இருக்கும்போது. தட்டில் சதையாகக் கிடைப்பது அதில் பாதி அளவுதான் இருக்கும். மீன் மார்க்கெட்டில் எடை போட்ட பிறகு கழுவித் தருகிற மாதிரிதான் இதுவும், உணவகத்தில் என்றதும் நமக்கு அது தோன்றுவதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்றைய மீன் என்ன, பெஸ்காத்தோ தெல் ஜோர்னோ, என்று கேளுங்கள். நல்ல இடத்தில் ஒரு தட்டில் நான்கைந்து மீனை அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள், அல்லது உள்ளே ஐஸ் பெட்டிக்குக் கூட்டிப்போவார்கள். வெட்கப்படாமல் எழுந்து போங்கள். கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு இரண்டு கேள்வி. ஒன்று, கடலில் பிடித்ததா வளர்த்ததா: "பெஸ்காத்தோ ஓ அல்லெவாத்தோ?" ஸ்பீகொலா (கொடுவா மாதிரி இருக்கும்), ஒராத்தா இரண்டும் பண்ணையில் ஏராளமாக வளர்க்கப்படுபவை. வளர்த்தது மோசமில்லை, ஆனால் கடல் மீனின் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. இந்தப் பக்கத்துக் கடல் மீன் வேண்டுமென்றால் பெத்சோஞ்ஞா இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கண், இளஞ்சிவப்பு உடம்பு, ஆழக்கடல் மீன், விலையும் ஆழம்தான்.

இரண்டாவது கேள்வி, நீங்கள் கை காட்டிய அந்த மீனுக்கு: "குவாந்தோ பேசா?" எவ்வளவு எடை? எடையைச் சொன்னதும் மனக்கணக்குப் போடுங்கள், அல்லது மொத்தம் எத்தனை யூரோ என்று நேரடியாகவே கேளுங்கள். அதிகமாக இருந்தால் சின்னதைக் காட்டச் சொல்லலாம், அவர்களுக்கு இது தினசரி வழக்கம், யாரும் உங்களைக் கஞ்சன் என்று நினைக்கப்போவதில்லை. இரண்டு பேருக்கு 700லிருந்து 800 கிராம் மீன் போதும், முன்னால் பாஸ்தா சாப்பிட்டிருந்தால் 600கூடப் போதும். எடைக்கு முன் தலையாட்டிவிட்டால் மீன் அடுப்புக்குப் போய்விடும், அப்புறம் பேச ஒன்றுமில்லை.

சமைக்கும் விதத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு அக்வா பாத்சா என்பேன்: தண்ணீர், கொஞ்சம் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி, அவ்வளவுதான், மீன் அதிலேயே வேகும், அந்தச் சாற்றுக்குத்தான் ரொட்டியை மிச்சம் வைக்கச் சொன்னேன். உப்பில் புதைத்துச் சுடுவதும் உண்டு. மசாலா எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். மூன்றாவது வாயில் மீனின் ருசி தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் மிளகாய்த் தூள் கேட்டுவிடாதீர்கள்.

முழு மீன் வந்ததும் முள்ளோடு போராட வேண்டாம். "லோ புவோ புலீரே?" என்று கேட்டால், பரிமாறுகிறவர் பக்கத்து மேசையில் வைத்து இரண்டு ஸ்பூனால் முள்ளை ஒரே இழுப்பில் உருவி, சதையை மட்டும் தட்டில் வைப்பார். தலையில் உள்ள கன்னச் சதையை விட்டுவிடுவார், அது வேண்டுமென்றால் தலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது அவர் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது.

8. கொலத்தூரா ஸ்பகெட்டி

வரிசையில் இது மீனுக்கு முன்னால் வரும், பேச்சுக்கு மீனை முன்னால் எடுத்தேன். இந்த ஊருக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை.

தலையும் குடலும் நீக்கிய நெத்திலியை, தெர்சீன்யோ என்ற சின்ன மரப் பீப்பாயில் உப்பும் மீனுமாக அடுக்கி, மூடிமேல் கல் வைத்து அழுத்தி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கடைசியில் பீப்பாயின் அடியில் துளை போட, மீன்களின் ஊடே சொட்டுச் சொட்டாக இறங்கிவரும் பழுப்பு நிறச் சாறுதான் கொலத்தூரா. 2020இல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டி.ஓ.பி. புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, அதன்படி குறைந்தது 9 மாதம் ஊற வேண்டும்.

தட்டைப் பார்த்ததும் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வெறும் ஸ்பகெட்டி, பளபளப்பு, பச்சையாய்க் கொஞ்சம் பார்ஸ்லி. மீன் எங்கே என்று தேடுவார்கள். மீன் கண்ணுக்குத் தெரியாது. முகர்ந்து பாருங்கள், கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டைத் தாண்டிப் போகும்போது வரும் வாசனையின் தூரத்துச் சொந்தம்.

உப்புக் கேட்காதீர்கள். இந்த ஒரு பாஸ்தாவுக்குத் தண்ணீரில்கூட உப்புப் போடுவதில்லை, ஏனென்றால் கொலத்தூராவே உப்பு. சீஸ் கேட்காதீர்கள், இரண்டு உப்பும் மோதி, வாயில் வேறெதுவும் தெரியாது. கொண்டுவந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் அடியிலிருந்து ஒரு தடவை புரட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். சாறும் எண்ணெயும் அடியில் தங்கியிருக்கும், மேலாகச் சாப்பிட்டால் முதலில் சப்பென்றும் கடைசியில் உப்புக் கரிப்பாகவும் இருக்கும். இரண்டு பேரில் ஒருவருக்கு மீன் வாசனை ஒத்துக்கொள்ளாது என்றால், அவருக்கு ஸ்கியலத்தியெல்லி என்ற தடித்த கைப் பாஸ்தாவை மட்டி, சிப்பி போட்டுக் கேளுங்கள்.

9. சைவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும்

நேராகச் சொல்லிவிடுகிறேன், சைவச் சாப்பாட்டுக்காக இந்த ஊருக்கு வர வேண்டாம், வருகிறவர்களோடு வந்தால் பட்டினி கிடக்கவும் வேண்டாம். தக்காளி ஸ்பகெட்டி, மொத்ஸரெல்லாவும் தக்காளியும் அடுக்கிய கப்ரேசே, கத்தரிக்காய்ப் பர்மிஜானா கிடைக்கலாம்.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. "சேன்சா கார்னே, சேன்சா பெஷ்ஷே, சேன்சா அலீச்சி, சேன்சா கொலத்தூரா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்த ஊரில் நெத்திலி உப்பு மாதிரி, கீரையில் இருக்கும், காய்கறி வதக்கலில் இருக்கும், அவர்களுக்கே அது மீனாகத் தோன்றாது. பொரிக்கும் எண்ணெய் பொதுவாக இருக்கும். பர்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு, அதைத் தவிர்ப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை இருந்தால் அல்லெர்ஜேனி பட்டியலைக் கேளுங்கள். 14 வகைப் பொருட்களுக்கு விவரம் தர வேண்டியது ஐரோப்பியச் சட்டம்.

10. இனிப்பு, காபி, பில்

இனிப்பு என்றால் தெலீத்சியா அல் லிமோனே, இந்தக் கடற்கரையின் எலுமிச்சையில் செய்த, அரைக்கோளமாக இருக்கும் கேக். ஒன்றைப் பகிரலாம். காபி அதற்குப் பிறகு தனியாக வரும், கூடவே கேட்டாலும் பிறகுதான் வரும். சாப்பாட்டுக்குப் பின் கபுச்சினோ கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் இவ்வளவு மீனுக்கு மேல் அவ்வளவு பாலா என்று அவர்கள் வயிற்றுக்கு வலிக்கும்.

பில் தானாக வராது. அலட்சியம் என்று நினைத்துக் கோபப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் பில்லை வைப்பது எழுந்து போ என்று சொல்வது மாதிரி, அதனால் வைக்க மாட்டார்கள். "இல் கோந்தோ, பேர் ஃபவோரே" என்று சொல்லுங்கள். படகு நேரத்துக்கு 20 நிமிடம் முன்பாகவே சொல்லிவிடுங்கள்.

வந்ததும் மீன் வரியை முதலில் பாருங்கள், எடை நீங்கள் கேட்டது தானா என்று. பிறகு கொப்பெர்த்தோ ஆள் கணக்குக்குச் சரியா, தண்ணீர் எத்தனை பாட்டில். தவறு இருந்தால் காட்டினால் போதும், திருத்திவிடுவார்கள். கார்டு வாங்க மறுத்தால் அபராதம் என்று 2022 ஜூன் 30லிருந்து சட்டம் இருக்கிறது, ஆனாலும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள், மெஷினுக்கு நெட்வொர்க் கிடைக்காத நாளும் உண்டு. டிப்ஸ் கட்டாயம் இல்லை, மனசுக்குப் பிடித்திருந்தால் சில யூரோ வைத்துவிட்டு வரலாம்.

11. பாட்டில் வாங்குகிறீர்கள் என்றால்

படகுக்கு நேரம் இருந்தால் ஊருக்குள் கொலத்தூரா கடைகள் இருக்கின்றன. லேபிளில் டி.ஓ.பி. முத்திரை இருக்கிறதா பாருங்கள். சின்ன பாட்டில் போதும், ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பதுதான் கணக்கு. வீட்டில் பாஸ்தாத் தண்ணீரில் உப்புப் போடாமல், அடுப்பை அணைத்த பிறகு எண்ணெய், பூண்டு, மிளகாயோடு கலந்துவிடுங்கள், கொதிக்கவிட்டால் வாசனை முரடாகிவிடும்.

விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். மூடியைச் சுற்றி டேப், ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் பை, பிறகு பழைய துணி. எனக்குத் தெரிந்த ஒருவர் புதுச் சட்டையில் சுற்றி எடுத்துப்போனார். பாட்டில் உடையவில்லை, மூடிதான் கசிந்தது, அந்தச் சட்டை இப்போது அவர் வீட்டு மொட்டை மாடியில் கொடிக்கம்பி துடைக்கிற துணி.